எரியும் கல்லும் எண்ணெய்க் கணக்கும்

கல் எரியுமா? எரியும்!

அமெரிக்காவில் கொலராடோ என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே பாராசூட் என்ற பெயரில் ஓர் ஓடை ஓடுகிறது. 1880-களில் அந்த ஓடைக் கரையில் மைக் கலஹன் என்பவர் ஒரு மரவீடு கட்டினாராம். அது பனி கொட்டும் பிரதேசம். குளிர் காய வீட்டுக்குள்ளேயே அடுப்பு வேண்டும். பக்கத்து மலைச் சரிவில் கறுத்த கல் நிறையக் கிடந்தது. அதை எடுத்து வந்து அடுப்பும் புகைபோக்கியும் கட்டினார். அக்கம்பக்கத்தாரைப் புதுமனைக்கு அழைத்தார். எல்லோரும் பார்த்திருக்க அடுப்பைப் பற்ற வைத்தார். விறகு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அடுப்பே எரிந்தது. பிறகு வீடும் எரிந்து போயிற்று!

இந்தக் கதைக்குக் கண், காது, மூக்கு வைத்திருக்கலாம். ஆனால் அந்தக் கல் எரிவது உண்மை. அங்கே வெகு காலமாக வாழ்ந்து வந்த யூட் இன மக்கள் அதை "எரியும் பாறை" என்றே சொன்னார்கள் என்பார்கள்.

இப்போது அதற்குப் பெயர் ஆயில் ஷேல். தமிழில் எண்ணெய்ப் பாறை எனலாம்.

கொலராடோ, யூட்டா, வயோமிங் ஆகிய மூன்று மாநிலங்களில் இந்தப் பாறை பரந்து கிடக்கிறது. அதற்குள் எவ்வளவு எண்ணெய்க்கு வழி இருக்கிறது என்று அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை கணக்கிட்டது. 2009 முதல் 2011 வரை அந்தக் கணக்கு வெளிவந்தது. மொத்தம் 4 லட்சம் கோடி பீப்பாய்க்கும் மேல்! ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். உலகம் முழுவதும் ஒரு நாளைக்குச் செலவாகும் எண்ணெய் ஏறக்குறைய 10 கோடி பீப்பாய். அப்படியானால் இந்த மூன்று மாநிலத்துப் பாறையே உலகத்துக்கு நூறு ஆண்டுக்கு மேல் போதும்.

கேட்பதற்கு இனிப்பான கணக்கு. இந்தக் கணக்கைக் காட்டித்தான் நூறு ஆண்டுகளாக ஒருவர் மாற்றி ஒருவர் அந்த மலைக்குப் போகிறார்கள். பணத்தைக் கொட்டுகிறார்கள். ஊர் கட்டுகிறார்கள். பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு திரும்பி விடுகிறார்கள்.

ஏன்?

செக்கில் ஆட்டினால் வராது

எள்ளுக்குள் எண்ணெய் இருக்கிறது. செக்கில் ஆட்டினால் வருகிறது. இந்தக் கல்லை எத்தனை நாள் ஆட்டினாலும் ஒரு சொட்டு எண்ணெய் வராது. காரணம், அதற்குள் எண்ணெய் இல்லை!

ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்த இடத்தில் பெரிய ஏரிகள் இருந்தன. ஏரியில் பாசி வளர்ந்தது. செத்த பாசி அடியில் படிந்தது. அதன்மேல் சேறு படிந்தது. நாளடைவில் சேறு இறுகிக் கல்லாயிற்று. பாசி, மெழுகு போன்ற ஒரு பொருளாக மாறிக் கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டது. அதைத்தான் விஞ்ஞானிகள் கெரோஜன் என்கிறார்கள். மெழுகைத் தருவது என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்த பெயர் அது.

கிணறு தோண்டி எடுக்கிற கச்சா எண்ணெயும் ஒரு காலத்தில் கெரோஜனாக இருந்ததுதான். அது பூமிக்குள் வெகு ஆழத்துக்கு இறங்கியது. அங்கே உஷ்ணம் அதிகம். பல லட்சம் ஆண்டுகள் மெல்ல மெல்ல வெந்து எண்ணெயாயிற்று. கொலராடோப் பாறை அவ்வளவு ஆழத்துக்குப் போகவில்லை. வேகாமலே நின்றுவிட்டது. அரைவேக்காடு!

ஆகவே பூமி செய்யாமல் விட்ட சமையலை மனிதன் செய்து முடிக்க வேண்டும். கல்லை வெட்டி எடுத்து, உடைத்து, காற்றுப் புகாத கொப்பரையில் போட்டு, ஏறக்குறைய 500 டிகிரி உஷ்ணத்துக்குச் சூடேற்ற வேண்டும். காற்றுப் புகுந்தால் கல் எரிந்துவிடும். புகாவிட்டால் கெரோஜன் உடைந்து ஆவியாகக் கிளம்பும். ஆவியைக் குளிர வைத்தால் எண்ணெய் கிடைக்கும். குளிர்ந்தும் எண்ணெயாகாமல் நிற்பது எரிவாயு. கொப்பரையில் மிஞ்சுவது கரி பிடித்த கல்.

இது புதிய வித்தை அல்ல. ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் யங் என்ற ரசாயன நிபுணர் 1850-லேயே நிலக்கரியிலிருந்து எண்ணெயும் மெழுகும் எடுக்க உரிமை பெற்றார். பிறகு அதே வழியில் அங்கே எண்ணெய்ப் பாறையையும் காய்ச்சினார்கள். வீடுகளில் விளக்கு எரிந்தது. அந்தத் தொழில் 1962 வரை நடந்தது. காய்ச்சிய கல்லைக் கொட்டிய இடங்கள் சிவப்பு மலைகளாக இன்றும் அங்கே நிற்கின்றன.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். டெக்சாஸிலும் வடக்கு டகோடாவிலும் இப்போது ஏராளமாக "ஷேல் எண்ணெய்" எடுக்கிறார்கள் என்று பத்திரிகைகளில் வருகிறது. அது வேறு. அங்கே பாறைக்குள் எண்ணெய் ஏற்கனவே வெந்து தயாராக இருக்கிறது. தண்ணீரையும் மணலையும் அழுத்திப் பாறையில் விரிசல் உண்டாக்கி வெளியே எடுக்கிறார்கள். கொலராடோக் கல்லில் விரிசல் விட்டால் விரிசல்தான் மிஞ்சும்.

ஹைட்ரஜன் எதற்கு?

சூடேற்றினால் மட்டும் போதாதா? பாதி போதும். மீதி பாதிக்கு ஹைட்ரஜன் வாயு வேண்டும்.

எண்ணெய் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சேர்க்கை. டீசலை எடுத்துக்கொண்டால், 100 கார்பன் அணுவுக்கு 200-க்குச் சற்றுக் குறைவான ஹைட்ரஜன் அணுக்கள் இருக்கும். கொலராடோக் கெரோஜனில் 100 கார்பனுக்குச் சுமார் 150 ஹைட்ரஜன்தான். கென்டக்கி, இந்தியானா, ஒஹாயோ போன்ற கிழக்கு மாநிலங்களிலும் எண்ணெய்ப் பாறை உண்டு. அது கடலடியில் உண்டான, இன்னும் பழைய கல். அதில் 120-க்கு மேல் தேறாது.

கெரோஜனை, கைகோத்து நெருக்கமாக நிற்கிற ஒரு பெரிய கூட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். உஷ்ணம் அந்தக் கூட்டத்தைப் பிரித்து விடுகிறது. பிரிந்தவர்களின் கை காலியாக இருக்கிறது. அந்தக் கையை ஒரு ஹைட்ரஜன் பிடித்துக்கொண்டால், அது சிறு எண்ணெய்த் துளியாகக் கிளம்பிப் போய்விடும். ஹைட்ரஜன் இல்லாவிட்டால் கார்பனின் கையைக் கார்பனே பிடித்துக்கொள்ளும். அது கரியாகக் கல்லிலேயே ஒட்டிவிடும். அடுப்பில் வைத்த பாத்திரம் அடிப்பிடிப்பது போலத்தான்.

வெறும் உஷ்ணத்தில் கொலராடோக் கல்லின் கரிமப் பொருளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எண்ணெயாகிறது. கிழக்குக் கல்லில் மூன்றில் ஒரு பங்குதான். மீதியில் பெரும்பகுதி அடிப்பிடித்து வீணாகிறது.

சிகாகோ நகரில் எரிவாயுத் தொழில் நுட்பக் கழகம் என்று ஓர் ஆராய்ச்சி நிலையம் 1941-ல் ஏற்பட்டது. அங்கேயிருந்த விஞ்ஞானிகள் இதற்கு வழி தேடினார்கள். கல்லைச் சூடேற்றும் கொப்பரைக்குள்ளே அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்திப் பார்த்தார்கள். கிழக்குக் கல் கொடுத்த எண்ணெய் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகியது! இதற்கு "ஹைடார்ட்" முறை என்று பெயர் வைத்தார்கள். உஷ்ணத்தை இன்னும் ஏற்றினால் எண்ணெயும் உடைந்து மீத்தேன் வாயுவாகிவிடும். எண்ணெய் வேண்டுமா, வாயு வேண்டுமா என்பதை உஷ்ணத்தைக் கொண்டே தீர்மானிக்கலாம்.

அருமையான கண்டுபிடிப்பு. சந்தேகமே இல்லை. ஆனால் அந்த முறையில் வியாபாரத்துக்கென்று ஒரு தொழிற்சாலைகூட எழவில்லை.

கொலராடோ எண்ணெய்க்கும் ஹைட்ரஜன் இல்லாமல் ஆகாது. கொப்பரையிலிருந்து வரும் எண்ணெய் கெட்டியாக இருக்கும். நாற்றமடிக்கும். எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நைட்ரஜன் இருக்கும். கந்தகமும் இருக்கும். அப்படியே சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்பினால் அங்குள்ள வினையூக்கிகள் கெட்டுவிடும். ஹைட்ரஜனைக் கொடுத்தால் நைட்ரஜன் அம்மோனியாவாகப் பிரிந்து போகும். கந்தகமும் வாயுவாகப் போய்விடும். பிறகுதான் அது எண்ணெய் என்ற பெயருக்குத் தகுதி பெறும்.

கொடுப்பது எவ்வளவு?

"எவ்வளவு எண்ணெய் வரும்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். "எவ்வளவு கொடுக்க வேண்டும்?" என்று கேட்பவர் குறைவு. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

ஹைட்ரஜன் மரத்தில் காய்ப்பதில்லை. இன்று பெரும்பாலும் இயற்கை எரிவாயுவையும் நீராவியையும் சேர்த்துச் சூடேற்றித்தான் அதை எடுக்கிறார்கள். ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுப்பதற்குள் 9 அல்லது 10 கிலோ கரியமில வாயு கிளம்பி விடுகிறது. தண்ணீரில் மின்சாரம் செலுத்தியும் ஹைட்ரஜனைப் பிரிக்கலாம். அதற்கு ஒரு கிலோவுக்கு 50 யூனிட் மின்சாரம் ஆகிறது.

பாறை எண்ணெயைச் சுத்தம் செய்ய, ஒரு பீப்பாய்க்கு 3 முதல் 5 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். நாள் ஒன்றுக்கு 50 ஆயிரம் பீப்பாய் எடுக்கும் ஆலை என்றால் தினசரி 2 லட்சம் கிலோ! ஒரு கிலோ ஹைட்ரஜனில் இருக்கும் சக்தி ஒரு கிலோ பெட்ரோலைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. அதாவது, நல்ல எரிபொருளைக் கொடுத்து, நல்ல எரிபொருளைச் செலவழித்து, அதற்குப் பதிலாக எரிபொருள் வாங்குகிறார்கள். வாங்குவது கொடுத்ததைவிட அதிகமாக இருக்கலாம். எவ்வளவு அதிகம் என்பதுதான் பேச்சு.

அடுத்தது கல்லின் பாரம். நல்ல கல் என்றால் ஒரு டன்னுக்கு 100 லிட்டர் எண்ணெய் தரும். ஒரு பீப்பாய்க்கு ஒன்றரை டன் கல். 50 ஆயிரம் பீப்பாய்க்கு 75 ஆயிரம் டன். ஒவ்வொரு நாளும்! அத்தனை கல்லையும் 500 டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும். எண்ணெயாகப் போகும் பத்தில் ஒரு பங்குக்காக, எண்ணெயாகாத பெரும்பங்கையும் சேர்த்துச் சூடேற்றித்தான் தீர வேண்டும்.

சூடேறிய கல் உப்பிவிடுகிறது. அரிசி பொரியாவதைப்போல என்று சொன்னால் மிகை. ஆனால் வெட்டிய பள்ளத்துக்குள் அதைத் திரும்பப் போட்டு மூட முடியாது. மீந்ததை மலையாகக் குவிக்க வேண்டும். மழை பெய்தால் அதிலுள்ள உப்பு கரைந்து ஓடும்.

எங்கே ஓடும்? கொலராடோ ஆற்றுக்கு. அந்த ஆற்றை நம்பி 7 மாநிலங்களிலும் மெக்சிகோவிலும் சுமார் 4 கோடிப் பேர் இருக்கிறார்கள். வறண்ட பிரதேசம். ஆற்று நீருக்கு இப்போதே தகராறு. ஒரு பீப்பாய் எண்ணெய் எடுக்க ஒன்று முதல் மூன்று பீப்பாய் தண்ணீர் வேண்டும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். வயலுக்குப் போகிற தண்ணீரை விட்டால் வேறு தண்ணீர் அங்கே இல்லை.

கறுப்பு ஞாயிறு

இந்தக் கணக்கைப் போடாமல் ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதைக் கொலராடோ மக்கள் அனுபவித்தார்கள்.

1973-ல் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெயை நிறுத்தின. 3 டாலர் விற்ற பீப்பாய் சில மாதங்களில் 12 டாலரைத் தொட்டது. 1979-ல் ஈரானில் புரட்சி. விலை மறுபடி துள்ளியது. 1980-ல் அமெரிக்க அரசாங்கம் செயற்கை எரிபொருளுக்கென்று தனியாக ஒரு கழகம் அமைத்தது. எக்ஸான் கம்பெனி அதே ஆண்டில் பாராசூட் ஓடைப் பக்கம் இருந்த காலனி திட்டத்தில் பெரும்பங்கை வாங்கியது. 2010-ல் நாள்தோறும் 80 லட்சம் பீப்பாய் பாறை எண்ணெய் எடுக்கலாம் என்றும், அதற்குத் தண்ணீர் போதாவிட்டால் தொலைதூரத்து மிசௌரி ஆற்றிலிருந்து கொண்டு வரலாம் என்றும் அந்தக் கம்பெனி ஓர் அறிக்கையே வெளியிட்டது.

மக்கள் நம்பினார்கள். ஏன் நம்ப மாட்டார்கள்? உலகத்தின் பெரிய கம்பெனி சொல்கிறது. பல ஊர்களிலிருந்தும் கொத்தனார், தச்சர், பற்றவைப்பவர், லாரி ஓட்டுபவர் எல்லோரும் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் குடியிருக்க பாட்டில்மென்ட் மேசா என்று ஒரு புது ஊரையே எக்ஸான் கட்டத் தொடங்கியது. சுற்றுப்புறத்து வியாபாரிகள் கடன் வாங்கிக் கடை போட்டார்கள். வீட்டு விலை ஏறியது.

ஆனால் திட்டச் செலவும் ஏறிக்கொண்டே போனது. மதிப்பீடு 500 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. எண்ணெய் விலையோ இறங்க ஆரம்பித்தது.

1982 மே 2. ஞாயிற்றுக்கிழமை. திட்டத்தைக் கைவிட்டதாக எக்ஸான் அறிவித்தது. 2 ஆயிரம் பேருக்கு மேல் ஒரே நாளில் வேலை போயிற்று. மறுநாள் வேலைக்குப் போனவர்கள் பூட்டிய கதவைப் பார்த்தார்கள். சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு குடும்பங்கள் வெளியேறின. கடனுக்கு வாங்கிய வீடுகள் வங்கிக்குப் போயின. அந்தப் பக்கத்தில் இன்றும் அந்த நாளைக் "கறுப்பு ஞாயிறு" என்றே சொல்கிறார்கள்.

எக்ஸானுக்கு நஷ்டம் இல்லையா? உண்டு. 100 கோடி டாலர் போனதாகச் சொல்வார்கள். ஆனால் கம்பெனிக்கு வேறு கிணறுகள் இருந்தன. கொத்தனாருக்கு வேறு வேலை இல்லை. பாட்டில்மென்ட் மேசா பிற்பாடு, ஓய்வு பெற்ற முதியவர்கள் வந்து குடியேறும் ஊராக மாறியது.

யூனியன் ஆயில் என்ற மற்றொரு கம்பெனி பிடிவாதமாக அங்கேயே ஆலையை முடித்தது. யந்திரங்கள் அடிக்கடி மக்கர் செய்தன. 1991-ல் அதுவும் மூடப்பட்டது. மூடும்வரை எடுத்த எண்ணெய் ஏறக்குறைய 50 லட்சம் பீப்பாய். அன்றைய அமெரிக்கா அரை நாளுக்குள் செலவழித்துவிடும் அளவு! அரசாங்கம் அமைத்த கழகம் அதற்கு முன்பே, 1986-ல் மூடப்பட்டுவிட்டது.

பிறகு ஷெல் கம்பெனி வந்தது. கல்லை வெட்டவே வேண்டாம், பூமிக்குள்ளேயே மின்சார அடுப்பை இறக்கி மூன்று நான்கு ஆண்டு சூடேற்றலாம் என்றது. சோதனையில் எண்ணெயும் வாயுவும் வரத்தான் வந்தன. நிலத்தடி நீர் கெடாதபடி சுற்றிலும் மண்ணை உறைய வைத்துப் பனிச்சுவர் எழுப்பவும் பார்த்தார்கள். உள்ளே அடுப்பு, வெளியே பனிக்கட்டி. இரண்டுக்கும் மின்சாரம்! 2013-ல் ஷெல்லும் விலகிக்கொண்டது.

எஸ்தோனியாவின் அடுப்பு

அப்படியானால் இந்தக் கல் எங்குமே பயன்படவில்லையா? பயன்பட்டிருக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் நியாயம் ஆகாது.

பால்டிக் கடலோரத்தில் எஸ்தோனியா என்ற சிறிய நாடு இருக்கிறது. அங்கேயும் எண்ணெய்ப் பாறை உண்டு. கொலராடோக் கல்லைவிட உயர்ந்த ரகம். 1916-லிருந்து வெட்டுகிறார்கள். கிவியோலி என்று ஓர் ஊர். அதற்கு அவர்கள் மொழியில் "கல் எண்ணெய்" என்றே அர்த்தம்.

இரண்டாவது உலக யுத்தத்தில் லெனின்கிராட் நகரம் முற்றுகையில் சிக்கிப் பட்டினியும் குளிருமாக வாடியது. யுத்தம் முடிந்ததும் அங்குள்ள வீடுகளுக்கு எரிவாயு வேண்டும். எஸ்தோனியாவின் கோட்லா-யார்வேயில் கல்லைக் காய்ச்சி வாயு எடுத்து, 200 கிலோமீட்டர் குழாய் போட்டு, 1948-ல் லெனின்கிராட்டுக்கு அனுப்பினார்கள். கல்லிலிருந்து வந்த வாயுவில் அந்த நகரத்துப் பெண்கள் கஞ்சி காய்ச்சினார்கள். பிற்பாடு மலிவான இயற்கை வாயு குழாய் வழியே வந்துவிட்டது. கல் வாயுவுக்கு மவுசு போயிற்று.

கல்லை எரித்து மின்சாரம் எடுப்பதும், காய்ச்சி எண்ணெய் எடுப்பதும் எஸ்தோனியாவில் தொடர்ந்தன. வேறு எரிபொருள் இல்லாத சிறிய நாட்டுக்கு அது சோறு போட்டது. பதிலுக்குச் சாம்பல் மலைகளையும் கொடுத்தது. கிவியோலியில் ஒரு சாம்பல் மலையின் மீது இப்போது பனிச்சறுக்கு விளையாடுகிறார்கள். 2035-க்குள் பாறை மின்சாரத்தையும், 2040-க்குள் எரிசக்தித் துறையில் பாறையின் உபயோகத்தையே நிறுத்துவது என்று எஸ்தோனிய அரசாங்கம் 2021-ல் இலக்கு வைத்தது. சுரங்கத்தை நம்பிய குடும்பங்களுக்கு அதுவரை அவகாசம். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கதவைப் பூட்டுவதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

கொலராடோ மலைக் கல் அப்படியே கிடக்கிறது. எண்ணெய் விலை மறுபடி ஏறும்போது மறுபடி யாராவது வருவார்கள். ஹைட்ரஜன் மலிந்துவிட்டது, இனிமேல் சுலபம் என்பார்கள். லட்சம் கோடி பீப்பாய்க் கணக்கை மறுபடி விரிப்பார்கள். விஞ்ஞானிகள் சோதனைக் கூடத்தில் தாராளமாக ஆராயட்டும். அதற்கு யாரும் குறுக்கே நிற்க வேண்டியதில்லை. ஆனால் ஊரைக் கூட்டி வேலைக்கு ஆள் எடுப்பதற்கு முன்பு அந்த மாநில அரசாங்கம் சிலவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். ஹைட்ரஜன் எதிலிருந்து வருகிறது? அதை எடுக்க எவ்வளவு வாயு, எவ்வளவு மின்சாரம் செலவாகிறது? தண்ணீர் யாருடைய பங்கிலிருந்து போகிறது? காய்ச்சிய கல்லை எங்கே கொட்டப் போகிறார்கள்? நடுவில் நிறுத்தினால் வேலையாட்களுக்கு எத்தனை மாதச் சம்பளம், ஊர் பட்ட கடனுக்கு யார் பொறுப்பு? இவற்றுக்கு எழுத்து மூலம் பதிலும், கடைசிக் கேள்விக்கு வங்கியில் ரொக்கமும் வைத்த பிறகு முதல் கல்லை வெட்ட அனுமதி கொடுக்கலாம்.